அரண்மனையே இல்லாத அரண்மனைக்காரத் தெரு... மணியோசையை விடாத ஆர்மீனியர்கள்!

சென்னை பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கவோ, மொத்த விலையில் பொருள் வாங்கவோ போனவர்களுக்கு அரண்மனைக்காரத் தெரு தெரிந்திருக்கும். உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தள்ளுவண்டிகளும் டூவீலர்களும் முட்டி மோதும் அந்தத் தெருவில் எந்த ராஜாவின் அரண்மனையும் இருந்ததில்லை. இருந்தவர்கள் ஆர்மீனியர்கள். 'ஆர்மீனியன் தெரு' என்ற பெயர்தான் நம் ஊர் வாயில் புகுந்து புறப்பட்டு, 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது.

அந்தத் தெருவில் கனமான மரக்கதவு ஒன்றைத் தாண்டி உள்ளே போனால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும். மரங்கள், நீண்ட தாழ்வாரம், தரையோடு தரையாகப் பதித்த கல்லறைக் கற்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டு. 1772-ல் கட்டப்பட்ட புனித மரியாள் ஆர்மீனிய தேவாலயம் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மணி அடிக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஆனால், அந்த மணியோசையைக் கேட்டு வழிபாட்டுக்கு வர சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லை. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவர்கள்கூட அண்மைக் காலமாக ஆர்மீனியர் அல்லாதவர்கள்தாம்.

அப்படியானால் யார் இதற்குச் செலவு செய்கிறார்கள்? 1,600 கிலோமீட்டருக்கு அப்பால், கொல்கத்தாவில் வாழும் ஆர்மீனியர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது. நம் ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம். அந்தச் சின்னஞ்சிறு சமூகம்தான் கொல்கத்தாவில் மூன்று தேவாலயங்கள், 200 வயதைக் கடந்த ஒரு பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், கல்லறைத் தோட்டங்கள், கூடவே நம் சென்னை தேவாலயம் என எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கிறது.

யார் இந்த ஆர்மீனியர்கள்?

துருக்கி, ஈரான், ஜார்ஜியா, அஜர்பைஜான் ஆகிய நாலு நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மலைநாடு ஆர்மீனியா. தலைநகரம் யெரெவான். மக்கள்தொகை சுமார் 30 லட்சம். நாட்டுக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருக்கும் ஆர்மீனியர்கள்தாம் அதிகம்.

உலகில் கிறிஸ்தவத்தை அரச மதமாக முதலில் ஏற்ற நாடு என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. கி.பி. 301-ல் அது நடந்ததாக மரபு. அதைவிட அவர்கள் கொண்டாடுவது தங்கள் எழுத்தை. கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி ஆர்மீனிய மொழிக்கென்று 36 எழுத்துகளை உருவாக்கினார். அவரைப் புனிதராக வணங்குகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று அக்டோபரில் ஒரு தேவாலயத் திருநாளே வைத்திருக்கிறார்கள். மொழியைச் சாமி போலப் பார்ப்பது நமக்கும் புதிதல்லவே!

அவர்களுடைய பெயர்களைக் கவனித்தால் பெரும்பாலும் 'யான்' என்று முடியும். 'இன்னாருடைய பிள்ளை, இன்னாருடைய வழிவந்தவர்' என்று அர்த்தம்.

வல்லரசுகளுக்கு நடுவில் இருந்ததால் அந்த நாடு அடிக்கடி பந்தாடப்பட்டது. 1604-05-ல் பாரசீகத்தை ஆண்ட ஷா அப்பாஸ், ஜூல்ஃபா என்ற ஊரின் ஆர்மீனியர்களை மொத்தமாகப் பெயர்த்தெடுத்து, தன் தலைநகரமான இஸ்ஃபஹானுக்கு அருகில் குடியமர்த்தினார். ஆர்மீனிய வியாபாரிகளின் திறமை தன் நாட்டுக்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. வந்தவர்கள், விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்து 'புதிய ஜூல்ஃபா' என்ற ஊரை உருவாக்கினார்கள். அங்கிருந்துதான் பட்டு, துணி, ரத்தினங்கள் என்று உலகமெங்கும் அவர்களுடைய வியாபாரம் விரிந்தது. ஐரோப்பாவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலா வரை அவர்களுக்கு ஆள் இருந்தது. சொந்தக்காரன் ஒருவன் ஒவ்வொரு துறைமுகத்திலும் இருப்பான். அவன் எழுதும் கடிதம்தான் அன்றைய மார்க்கெட் நிலவரம்.

இந்தியாவுக்கு அவர்கள் அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள். அக்பர் காலத்திலேயே ஆக்ராவில் ஆர்மீனியர்கள் இருந்தார்கள். சூரத், ஆக்ரா, மசூலிப்பட்டினம், சென்னை, டாக்கா, கல்கத்தா என்று வியாபாரம் எங்கே இருந்ததோ அங்கெல்லாம் ஒரு ஆர்மீனியத் தெரு உருவானது.

கம்பெனிக்காரர்கள் போட்ட ஒப்பந்தம்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த நெட்வொர்க் தேவைப்பட்டது. மொகலாய தர்பாரில் யாரிடம் எப்படிப் பேசுவது, எந்த ஊரில் எந்தத் துணி மலிவு என்பதெல்லாம் ஆர்மீனியர்களுக்கு அத்துப்படி. 1688-ல் லண்டனில் கோஜா ஃபானூஸ் கலந்தார் என்ற ஆர்மீனிய வியாபாரியுடன் கம்பெனி ஒரு ஒப்பந்தம் போட்டது. அதன் கூடவே இன்னொரு சுவாரஸ்யமான வாக்குறுதியும் வந்தது. கம்பெனியின் ஊர்களில் 40 ஆர்மீனியர்கள் சேர்ந்துவிட்டால், அவர்களுக்குத் தேவாலயம் கட்ட இடம் தருவோம், முதலில் மரத்தால் கட்டியும் தருவோம், ஏழு வருடங்களுக்குப் பாதிரியாருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளமும் தருவோம் என்பதுதான் அது.

இன்றைக்குக் கொல்கத்தா என்று நாம் அழைக்கும் நகரம் உருவானதிலும் ஓர் ஆர்மீனியரின் கை உண்டு. சூதாநுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமையை 1698-ல் கம்பெனி பெற்றபோது, மொகலாய இளவரசரிடம் பேசி முடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோஜா இஸ்ரேல் சர்ஹத் என்ற ஆர்மீனியர்.

நம்ம சைதாப்பேட்டையில் ஒரு கல்வெட்டு

ஆர்மீனியர்கள் சென்னைக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற பெரும் வியாபாரி 1720-களில் சென்னையில் குடியேறினார். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க அப்போது பாலம் இல்லை. பரங்கிமலைக்குப் போகும் யாத்ரீகர்கள் வெள்ளக் காலத்தில் தவித்தார்கள். உஸ்கான் தன் சொந்தப் பணத்தில் 1726-ல் அங்கே பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் 'மார்மலாங்' ஆக, அது 'மார்மலாங் பாலம்' ஆயிற்று. பரங்கிமலை மேலே ஏறப் படிக்கட்டும் கட்டிக் கொடுத்தார். கட்டியதோடு நிற்காமல், பிற்காலத்தில் இரண்டையும் பழுதுபார்க்கத் தனியே பணமும் எழுதி வைத்தார்.

அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் 1966-ல் எழுந்த புதிய பாலத்தில்தான், மறைமலை அடிகள் பாலம் என்ற பெயரோடு, தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் போகின்றன. ஆனால், உஸ்கான் வைத்த கல்வெட்டு சைதாப்பேட்டையில் பிழைத்துக் கிடக்கிறது. ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழிகளில்!

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, அவர்கள் பக்கம் சேர உஸ்கான் மறுத்தார். அதனால் பெரும் சொத்தை இழந்தார். 1751-ல் இறந்த அவருடைய உடல் வேப்பேரியில் புதைக்கப்பட்டது. அவருடைய விருப்பப்படி இதயம் மட்டும் ஒரு பேழையில் வைக்கப்பட்டு, பிறந்த மண்ணான புதிய ஜூல்ஃபாவுக்குப் போனது. சம்பாதித்தது இங்கே, கட்டியதும் இங்கே, ஆனால் மனசு மட்டும் அங்கே.

நாடே இல்லாமல் ஒரு அரசியல் சாசனம்

18-ம் நூற்றாண்டில் ஆர்மீனியா என்று தனி நாடு கிடையாது. பாதி துருக்கி சுல்தானிடம், பாதி பாரசீக ஷாவிடம் இருந்தது. இல்லாத அந்த நாட்டுக்கு அரசியல் சாசனம் எழுதப்பட்ட இடம் எது தெரியுமா? சென்னை!

புதிய ஜூல்ஃபாவில் பிறந்து சென்னையில் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஷாஹமீர் ஷாஹமிரியான். 1770-களின் தொடக்கத்தில் அவர் இங்கே ஓர் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். அவருடைய வட்டத்தைச் சேர்ந்த மோவ்சஸ் பக்ராமியான், 'தூங்கியது போதும், எழுந்திருங்கள்' என்று ஆர்மீனிய இளைஞர்களைத் தட்டியெழுப்பும் விதத்தில் எழுதிய நூல் 1772-ல் வெளிவந்தது. ஆர்மீனியத் திருச்சபையின் தலைவருக்கு வந்ததே கோபம்! இது துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் தெரிந்தால் மக்கள் தலை உருளும் என்று பயந்தார். நூலை எரிக்கச் சொல்லி, எழுதியவரைச் சபையிலிருந்து விலக்கினார்.

ஷாஹமிரியான் அசரவில்லை. 'புகழின் கண்ணி' என்று பொருள்படும் தலைப்பில் இன்னொரு நூல் வந்தது. முகப்பில் 1773 என்ற ஆண்டு போட்டிருந்தாலும், அச்சாகி முடிந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சுதந்திர ஆர்மீனியா எப்படி ஆளப்பட வேண்டும் என்று 521 பிரிவுகளில் அது பேசியது. பரம்பரை ராஜா வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும், ஆணோ பெண்ணோ, ஆர்மீனியரோ அந்நியரோ, எல்லோரும் சமம். சென்னையில் வாழ்ந்த ஒரு வியாபாரியின் கனவு இது.

மகன்களைப் பறிகொடுத்த பாதிரியார்

சென்னை ஆர்மீனியர்களின் கதையில் மறக்க முடியாத மனிதர் இன்னொருவர் உண்டு. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியான். ஒரே சமயத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். துக்கம் தாளாமல் ஊரைவிட்டு ஒதுங்கி, சில வருடங்கள் தனிமையில் படிப்பிலேயே மூழ்கினார். பிறகு 1784-ல் பாதிரியாராகச் சென்னை வந்து சேர்ந்தார்.

1794 அக்டோபரில் அவர் ஒரு மாத இதழைத் தொடங்கினார். பெயர் 'அஸ்தரார்'. 'செய்தி அறிவிப்பவர்' என்று பொருள். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுதான். ஆர்மீனியாவில் இல்லை, துருக்கியில் இல்லை, நம் சென்னையில்! கப்பல் வரவு, சரக்கு விலை, உலக நடப்பு, ஆர்மீனியர்களின் வரலாறு என்று எல்லாம் அதில் இருந்தன. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அதற்கு மேல் நடத்த முடியவில்லை. தமிழின் முதல் இதழ் என்று கருதப்படும் 'தமிழ் மேகசின்' வெளிவந்தது 1831-ல் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை புரியும்.

சென்னையிலேயே 40 வருடங்கள் பாதிரியாராக இருந்து, 1824-ல் காலமானார் ஷ்மாவோனியான். அரண்மனைக்காரத் தெரு தேவாலய வளாகத்தில்தான் அவர் உறங்குகிறார். ஆர்மீனியப் பத்திரிகைத் துறையின் தந்தை என்று ஒரு நாடே கொண்டாடும் மனிதர், நம் ஊர் மண்ணில்!

கல்கத்தாவில் கொடிகட்டிய காலம்

பிரெஞ்சு-ஆங்கிலேயச் சண்டைகளாலும், கம்பெனி வியாபாரத்தைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டதாலும் சென்னை ஆர்மீனியர்கள் குறைந்தார்கள். பணமும் வாய்ப்பும் கல்கத்தா பக்கம் போக, அவர்களும் அங்கே போனார்கள்.

கொல்கத்தாவின் படாபஜார் சந்துகளுக்குள் மறைந்திருக்கிறது புனித நசரேத் ஆர்மீனிய தேவாலயம். பழைய மர தேவாலயம் தீயில் போன பிறகு, 1724-ல் கட்டப்பட்டது. நகரத்தில் இருக்கும் மிகப் பழைய தேவாலயம் இதுவே. வளாகத்தில் ரெசாபீபி என்ற பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. அதில் உள்ள ஆண்டு 1630 என்று வாசிக்கப்படுகிறது. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் வந்து இறங்கியது 1690-ல். அப்படியென்றால் அதற்கு 60 வருடங்கள் முன்பே இங்கே ஆர்மீனியர்கள் இருந்தார்களா? 'ஆம்' என்பது ஆர்மீனியர்களின் கட்சி. அந்த ஆண்டைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹூக்ளி நதிக்கரையில் 1734-ல் ஒரு ஆர்மீனிய வியாபாரி கட்டிய படித்துறை, 'ஆர்மீனியன் காட்' என்று இன்றும் அழைக்கப்படுகிறது. 1873-ல் கல்கத்தாவின் முதல் டிராம் சியால்தாவிலிருந்து கிளம்பி வந்து நின்றது அந்தப் படித்துறைப் பக்கம்தான்.

அடுத்து வந்தவர்கள் நகரத்தையே கட்டினார்கள். அராத்தூன் ஸ்டீபன், இஸ்ஃபஹானிலிருந்து வந்து தெருவில் நகை விற்றுத் தொடங்கியவர். கடைசியில் சௌரங்கியில் கிராண்ட் ஹோட்டலையும், பார்க் ஸ்ட்ரீட்டில் ஸ்டீபன் கோர்ட்டையும் எழுப்பினார். ஜே.சி. கால்ஸ்டன் பந்தயக் குதிரைகளுக்கும் மாளிகைகளுக்கும் பேர்போனவர். பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் குயின்ஸ் மேன்ஷன் அவர் கட்டியது. 1846-ல் கல்கத்தாவில் பிறந்த கேட்ச்சிக் பால் சேட்டர், 18 வயதில் ஹாங்காங் போய், அந்த நகரத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக உயர்ந்தார். பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை. 1926-ல் இறந்தபோது பெரும் செல்வத்தைக் கல்கத்தா ஆர்மீனிய தேவாலயத்துக்கு எழுதி வைத்தார். அங்கே ஆர்மீனிய முதியோருக்காக நடக்கும் இல்லம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

'அஸ்த்வாசாதூர்' என்ற ஆர்மீனியப் பெயர் 'சேட்டர்' ஆனதையும், 'கால்ஸ்தியான்' 'கால்ஸ்டன்' ஆனதையும் கவனித்தீர்களா? ஆங்கிலேயரோடு பழகப் பழக, பெயரின் வாலில் இருந்த 'யான்' உதிர்ந்துகொண்டே போனது. பெயரோடு மொழியும் உதிர்ந்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு அப்போதே இருந்தது. அந்தக் கவலைக்கான பதில்தான் ஒரு பள்ளிக்கூடம்.

200 வயதுப் பள்ளிக்கூடம்

1821-ல் தொடங்கப்பட்டது கொல்கத்தா ஆர்மீனியன் காலேஜ். 'காலேஜ்' என்று பெயர் இருந்தாலும், இது விடுதியோடு கூடிய பள்ளி. நம் பக்கம் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்று கேள்விப்பட்டிருக்கும் மிர்சா காலிப் தெருவில் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே 1811-ல் பிறந்த இடமும் இதுவே. 1922-ல் பெண்களுக்கென்று தொடங்கிய டேவிடியன் பள்ளி, 1949-ல் இதோடு இணைந்தது.

20-ம் நூற்றாண்டில் ஈரானின் ஆர்மீனியக் கிராமங்களிலிருந்து நிறையச் சிறுவர்கள் இங்கே படிக்க வந்தார்கள். தாய் தகப்பனைப் பிரிந்து, கப்பலேறி, பாஷை தெரியாத ஊருக்கு. படித்து முடித்துச் சிலர் திரும்பினார்கள். சிலர் இங்கேயே வேலை தேடி, கல்யாணம் செய்து, கல்கத்தாக்காரர்கள் ஆனார்கள். இன்றைய கொல்கத்தா ஆர்மீனியப் பெரியவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

ரக்பி விளையாட்டில் இந்தப் பள்ளிக்குத் தனிப் பெயர். முரட்டுத்தனமான அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் பெரிய அணிகளையெல்லாம் ஒரு கை பார்த்தவர்கள். இங்கே படித்தவர்கள் இந்திய அணிக்காகவும் ஆடியிருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. வியாபாரம் மங்கியது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், நூற்றுக்கணக்காகச் சுருங்கினார்கள். 1990-களின் முடிவில் பள்ளியில் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். அப்போது ஆர்மீனியத் திருச்சபையின் தலைமை பள்ளிப் பொறுப்பை நேரடியாகக் கையில் எடுத்து, ஆர்மீனியா, ஈரான், ஈராக் ஆகிய நாடுகளிலிருந்து பிள்ளைகளை வரவழைக்கத் தொடங்கியது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். ஆர்மீனிய வம்சாவளியாக இருந்தால் போதும். கொல்கத்தாவிலேயே பிறந்து, வங்காளி அல்லது ஆங்கிலோ-இந்திய உறவுகளோடு வளர்ந்த பிள்ளைகளும் இங்கே சேர்ந்து, பாட்டியோடு நின்றுபோன மொழியை மறுபடியும் 'அ'னா 'ஆ'வன்னாவிலிருந்து படிக்கிறார்கள்.

ஜனவரி 6... அவர்களுக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 25 அன்று பார்க் ஸ்ட்ரீட் முழுக்க விளக்குகள் ஜொலிக்கும். அந்த விளக்குகளைக் கழற்றிய பிறகுதான் ஆர்மீனியர்களின் கிறிஸ்துமஸ் வரும். ஜனவரி 6. ஏசு பிறந்ததையும் ஞானஸ்நானம் பெற்றதையும் ஒரே நாளில் கொண்டாடும் பழைய வழக்கத்தை அவர்கள் விடவில்லை. அன்று தேவாலயத்தில் தண்ணீரை மந்திரித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

கொண்டாட்டம் என்றால் 'டோல்மா' இல்லாமலா? திராட்சை இலைக்குள் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பது. திராட்சை இலை கிடைக்காத வங்காளத்தில் முட்டைக்கோஸ் இலையும் கைகொடுக்கும். பர்வல் காயைக் குடைந்து, உள்ளே மசாலா அடைத்து வங்காளிகள் செய்யும் 'பொட்டோலேர் தோர்மா' இந்த டோல்மாவின் வங்காளத் தங்கைதான் என்று சொல்வார்கள்.

அதே ஜனவரியில் சமூகமாகச் சேர்ந்து ஒரு யாத்திரையும் உண்டு. ஹூக்ளி நதியோரம் சின்சுரா என்ற ஊரில் புனித யோவான் தேவாலயம் இருக்கிறது. 1695-ல் கட்டத் தொடங்கியது. அங்கே இப்போது ஆர்மீனியர்கள் யாரும் குடியில்லை. ஆனாலும், வருடத்தில் ஒரு நாள் கொல்கத்தாவிலிருந்து பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போய், கதவைத் திறந்து, பூசை செய்து, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு முறை வேன் பிடித்துப் போகும் நமக்கு இது புரியாதா என்ன?

ஏப்ரல் 24 அவர்களுக்குக் கண்ணீர் நாள். 1915-ல் தொடங்கி, துருக்கியின் ஆட்டோமான் பேரரசில் 15 லட்சம் வரையிலான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதன் நினைவு நாள். அந்தக் கொடுமையை நேரில் காணாத கொல்கத்தா ஆர்மீனியர்களும் அன்று கூடி, மலர் வைத்து, மௌனமாக நிற்கிறார்கள்.

கட்டடம் இருக்கிறது... ஆட்கள்?

இந்தச் சமூகத்துக்குப் பணக் கஷ்டம் இல்லை. முன்னோர்கள் அறக்கட்டளைகளில் போட்டுவைத்த சொத்து நிறையவே இருக்கிறது. குறைவது மனிதர்கள்தாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் போய்விடுகிறார்கள். கொல்கத்தாவில் குடும்பமாக வேர்விட்டவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் கலப்புத் திருமணங்களே அதிகம். நூற்றைம்பது பேருக்குள் வரன் தேட முடியுமா?

பக்கத்தில் டாக்கா நல்ல பாடம். அங்கே 'ஆர்மானிடோலா' என்று ஒரு பேட்டையே உண்டு. 1781-ல் கட்டிய அழகான தேவாலயமும் உண்டு. ஆனால், தேவாலயத்தைக் காத்துவந்த முதியவர்தான் அந்த நகரின் கடைசி ஆர்மீனியர் என்று அறியப்பட்டார். அவரும் முதுமையில் பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார். சென்னையின் கதையும் ஏறக்குறைய இதே.

கொல்கத்தாவும் அப்படி ஆகிவிடுமா? ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பள்ளி. அதற்கும் ஒரு சங்கடம் உண்டு. பள்ளி மாணவர்களைக் கொண்டுவரும், குடும்பங்களைக் கொண்டுவர முடியாது. ஆனாலும், ஒரு தொகுதிப் பிள்ளைகள் கிளம்பினால் அடுத்த தொகுதி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாட இளம் குரல்கள் இருக்கின்றன. யெரெவானில் பிறந்த பெண்ணும், கொல்கத்தாவில் பிறந்து ஆர்மீனியாவையே பார்த்திராத பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, 1,600 வருடங்களுக்கு முன் ஒரு துறவி உண்டாக்கிய எழுத்தை எழுதிப் பழகுகிறார்கள். இங்கிருந்து போகிறவர்களும் கொஞ்சம் இந்தியும் வங்காளமும் ரக்பியும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

அரண்மனைக்காரத் தெரு தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஆறு மணிகள் தொங்குகின்றன. அவற்றுள் இரண்டு, 1837-ல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்த்தவை. 1754-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மணியை 1808-ல் மறுபடியும் உருக்கி வார்த்திருக்கிறார்கள். அதில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. பாரசீகத்திலிருந்து வந்து, ஆர்மீனியத்தில் ஜெபம் செய்தவர்கள், தங்கள் மணியில் தமிழையும் இடம்பெற வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை பத்திரிகை அடிக்கப் பாரிமுனைப் பக்கம் போனால், ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த மரக்கதவுக்குள் எட்டிப் பாருங்கள். மரத்தடியில் பாதிரியார் ஷ்மாவோனியானின் கல்லறையைத் தேடுங்கள். பிள்ளைகளும் இதோடு இது ஏன் அரண்மனைக்காரத் தெரு என்பதைத் தெரிந்துகொள்வார்கள்.